ஈரக் கல்லின் நிறம்

என் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் நான் அமெரிக்கா போனேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆனால் திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது ஊரைப் பற்றித்தான். பனி பெய்ததா, சோறு கிடைத்ததா, என்ன வாங்கி வந்தாய். நான் அங்கே பார்த்தது ஒரே ஒரு ஏரி. அதைச் சொன்னால், நம் பக்கத்து ஏரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, "இந்த வருசம் ரொம்பிச்சாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

எங்கள் வீட்டுத் தொழில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. தாத்தா முசரவாக்கம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அப்பா டவுனுக்கு வந்து, ஒரு சாயப்பட்டறையில் அண்டா கழுவ ஆரம்பித்து, கடைசியில் திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் சொந்தமாகவே ஒரு பட்டறை போட்டார். அவருக்குப் பிறகு அதை நான் நடத்துகிறேன். நெசவு வீட்டார் சாம்பிள் துண்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதே நிறத்தில் நூலைத் தோய்த்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் படித்தான், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான், அங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய கல்யாணம் நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவனும் பேச மாட்டான், நாங்களும் கிளற மாட்டோம்.

சில வருஷங்களுக்கு முன் அவன் கண் நரம்பு வாடத் தொடங்கியது. முதலில் பார்வையின் நடுவில் ஒரு சின்ன மறைப்பு. படிக்கிற எழுத்து மட்டும் காணாமல் போகும், சுற்றிலும் இருப்பது தெரியும். பிறகு அந்த மறைப்பு பரவிக்கொண்டே போனது. எந்த டாக்டராலும் அதை நிறுத்த முடியவில்லை. இப்போது பகலா இருட்டா என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா போனில், "உன் குரல்லயே ஒரு தெளிவு தெரியுதுபா, சீக்கிரம் சரியாயிடும்" என்பாள். சர்ச்சில் அவனுக்காக ஜெபம் செய்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கெடு சொன்னார்கள், ஈஸ்டருக்குள் என்று, கிறிஸ்துமஸுக்குள் என்று. எல்லாம் அன்புதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

கடைசியாக அவன் ஊருக்கு வந்தபோது ஒரு காரியம் நடந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டறை வரைக்கும் தனியாக நடந்து வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். பள்ளிக்கூட நாளில் தினமும் நடந்த வழி. வீட்டில் சரி என்றார்கள். நான் பட்டறையில் இருந்தேன். வெயிலில் சட்டையெல்லாம் நனைந்து, கம்பைத் தட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்து வாசலில் நின்றான். "வந்துட்டேன் பாத்தியா பாப்பா! ஒரு வண்டிகூட என் மேல ஒரசல" என்றான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

என் வீட்டுக்காரர்தான். அவருடன் மாமா பிள்ளைகள் இரண்டு பேர். வழி நெடுக இவர்கள்தான் முன்னாலும் பின்னாலும் ஓடி, வண்டிகளை ஒதுக்கி, ஆட்டோக்களைக் கை காட்டி நிறுத்தி, சத்தமில்லாமல் அவனைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அம்மாவின் ஏற்பாடு. எல்லாம் சரியாக நடந்து முடிந்த இடத்தில் பட்டறையின் ஆசிட் நெடி காட்டிக் கொடுத்துவிட்டது. அண்ணன் முகம் செத்துப்போனது. "எங்கேருந்து என் பின்னாடி வரீங்க?" என்று கேட்டான். "இப்பதான் மச்சான், தெரு முனையில பாத்தேன்" என்று என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு பொய் சொன்னார். அந்த வாரமே அண்ணன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் பெரிய நகரத்தை விட்டு, வடக்கே சுப்பீரியர் என்ற ஏரியின் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் வீடு எடுத்துக்கொண்டான். பார்வை கொஞ்சம் மீதி இருந்த நாளில் அடிக்கடி போய் வந்த ஊராம். தனியாளாக இருந்தான். அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பட்டறையை வீட்டுக்காரர் கையில் விட்டுவிட்டு, விசா வாங்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்ததும் என் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டான், "என்னை இட்டுக்கினு போவத்தான வந்த?"

"ஆமா."

"வரமாட்டேன் பாப்பா. அங்க வந்தா என்னை சுத்தி எல்லாரும் நாடகம் ஆடுவீங்க. இங்க கடைக்காரன்கூட, முன்னாடி பள்ளம் இருக்குது நில்லுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். எனக்கு அது போதும்."

"நான் ஆட மாட்டேன் ணா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றான். பிறகு, "சரி, ஒண்ணு பண்ணு. இந்த ஏரில படகு எடுத்துக்கினு போனா குகைங்க இருக்குது. நான் கடைசியா நல்லா பாத்த எடம் அதான். என்கூட வா. உன் கண்ணால பாக்கறத எனக்கு சொல்லு. பாக்கறத மட்டும். கூட்டாத, கொறைக்காத. நீ உண்மைய சொல்றன்னு எனக்கு தோணிச்சினா உன்கூட வரேன். இல்லன்னா நீ மட்டும் போ" என்றான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். நாள் முழுக்க நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதானே என் பிழைப்பு.

ஆனால் காற்று விடவில்லை. படகுக்காரரிடம் அண்ணன் போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தான். அலை பெரிதாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே பதில் வந்தது. நான் ஊர் திரும்புகிற தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை காற்று அடங்கியது, கிளம்பினோம்.

படகின் கேப்டன் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வெயிலில் காய்ந்த முகம், ஆண்பிள்ளை போல வெட்டிய நரைத்த முடி. குகைகளுக்கு ஆட்களைப் பாய்மரப் படகில் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் அவர் வேலை. அண்ணனிடம், "இங்கே படி, இடது பக்கம் கயிறு, தலைக்கு மேலே கட்டை" என்று ஆங்கிலத்தில் கறாராகச் சொல்லி ஏற்றினார். அவன் விறுவிறு என்று போய் உட்கார்ந்துவிட்டான். நான்தான் சுடிதாருக்கு மேல் அவன் ஸ்வெட்டர், அதற்கு மேல் மிதவைச் சட்டை என்று மூட்டையாகி, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

துறைமுகத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினார். சத்தமெல்லாம் போய்விட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் நான் இயேசுவே என்று கத்திவிட்டேன். "சாயத்தான் செய்யும், கவுறாது" என்றான் அண்ணன். பாய் பக்கம் மாறும்போது கேப்டன் ஒரு குரல் கொடுப்பார், உடனே குனிய வேண்டும். பார்வை இல்லாதவன் ஒவ்வொரு தடவையும் சரியாகக் குனிந்தான். எனக்குத்தான் அந்தக் கட்டை தலையில் ஒன்று போட்டது. உதட்டில் தெறித்த தண்ணீரை நக்கிப் பார்த்தேன், உப்பே இல்லை. எதிர்க்கரை தெரியாத தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருந்தது எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

"சொல்லு பாப்பா" என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன். தூரத்தில் தண்ணீர் மயில் கழுத்து, படகுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, வானம் சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளை, அதில் ஒரு ஓரம் மட்டும் நீலம். அவனும் பட்டறையில் வளர்ந்தவன்தானே. நான் ஒவ்வொரு நிறத்தைச் சொல்லும்போதும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். "இங்க எல்லாம் புளூன்னு சொல்லுவாங்க, இல்லன்னா கிரீன்னுவாங்க. மயில் கழுத்துன்னு கேட்டு எத்தினி வருசமாச்சி" என்றான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணன் வந்துவிடுவான், அவன் படுக்க மாடி அறையா கீழ் அறையா என்பது வரைக்கும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு தீவின் முனையில் கேப்டன் பாயை இறக்கி நங்கூரம் போட்டார். ஏரிக்கரையில் இருந்தாலும் அவற்றைக் கடல் குகைகள் என்றுதான் சொல்கிறார்கள். அலை அடித்து அடித்துப் பாறையின் அடியைக் குடைந்து, தூணும் வளைவுமாக ஆக்கிவைத்திருக்கிறது. பெரிய படகு கிட்டே போக முடியாது. ஒரு ரப்பர் படகை இறக்கி, எங்களை அதில் உட்காரவைத்து, கேப்டனே துடுப்புப் போட்டு உள்ளே கொண்டுபோனார்.

உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் வந்து மோதியது. பாறைக்கு அடியில் தண்ணீர் எங்கெங்கோ புகுந்து திரும்பும் சத்தம், யாரோ பெரிய அண்டாவைக் குடைந்து கழுவுகிற மாதிரி. அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சர்ச்சுக்குள் போகும்போது அப்பா அப்படித்தான் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"இப்ப சொல்லு."

"கல்லு அடுக்கடுக்கா இருக்குது ணா. பொடவைங்கள மடிச்சி அடுக்கின மாதிரி. சில அடுக்கு வெரல் கனம்தான், சிலது ஒரு சாண் இருக்கும். மேல வளைவு, அதுல செடி முளைச்சிருக்குது. உள்ள போவப் போவ இருட்டு."

"நிறம்?"

"வெங்காயச் சருகு."

அவன் முகம் மாறியது. "நல்லா பாத்து சொல்லு" என்றான்.

நன்றாகப் பார்த்தேன். "வெங்காயச் சருகுதான் ணா. அதுல கொஞ்சம் செம்பு கலந்திருக்குது."

அவன் என்னிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேப்டன் பக்கம் திரும்பி, இந்தச் சுவர் என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவர் துடுப்பை நிறுத்தி, நிதானமாகப் பார்த்தார். கருஞ்சிவப்பு, அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு என்றார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் புரியும்.

"நான் பாத்தப்போ இது அரக்கு" என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "நடுவுல தெரியாட்டியும் ஓரக்கண்ணால பாத்துக்கினு இருந்தேன், அழுத்தமான அரக்கு. அதத்தான் இத்தினி நாளா மனசுல வெச்சிக்கினு இருக்கறேன். கண்ணு போனவன்கிட்ட எதுக்கு இருட்டா சொல்லணும், கொஞ்சம் வெளிச்சமா சொல்லுவோம்னு நெனச்ச இல்ல? நீயுமா பாப்பா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "யாரு பொய் சொன்னது?" என்று கத்தினேன். "நூலப் பாத்துப் பாத்து பழகிப் போன கண்ணு இது! நிறத்துல நான் பொய் சொன்னா எவன் என் பட்டறை வாசப்படிய மிதிப்பான்?" குகை அதை வாங்கிக்கொண்டு மறுபடி மறுபடி என்னிடமே கத்தியது. கேப்டன் துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், இவர்கள் ஊர் பாஷையில் பாறையைப் புகழுவது இப்படித்தானோ என்று நினைத்திருப்பார்.

கத்தி முடித்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தேன். இப்போது எனக்கும் அது அரக்காகத்தான் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. நனைந்த நூல் எப்போதும் இருட்டடித்துத்தான் இருக்கும். அண்டாவிலிருந்து எடுத்ததும் அரக்காகத் தெரிகிற நூல், நிழலில் காய்ந்த பிறகு வெங்காயச் சருகாக நிற்கும். சேலையாகப் போகிறது அந்தக் காய்ந்த நிறம்தான். அதனால் ஈர நூலைக் கையில் பிடித்துக்கொண்டே, காய்ந்தால் எந்த நிறமோ அதைச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். எந்தச் சாயக்காரரும் ஈரத்தை நிறம் என்று சொல்ல மாட்டார். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. என் எதிரில் இருந்தது காலம் காலமாக அலை நனைத்துக்கொண்டிருக்கிற பாறை. அது காயப் போவதே இல்லை. அதைப் போய் நான் மனத்துக்குள் உலர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

இதை வாயால் சொன்னால் நம்புவானா? கேப்டனிடம் சுவரைக் காட்டி, கிட்டே போங்கள் என்று கையால் சொன்னேன். அவர் அலையைப் பார்த்தார், தயங்கினார், பிறகு துடுப்பால் பாறையில் முட்டுக் கொடுத்து மெதுவாக ஒட்டினார். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே கல்லில் வைத்தேன்.

"இது இன்னா?"

"ஈரமா இருக்குது."

கையை அப்படியே மேலே நகர்த்தினேன். அலை எட்டாத இடத்தில் கல் சொரசொரவென்று உலர்ந்திருந்தது. "இது?"

"காஞ்சது."

"ரெண்டும் ஒரே கல்லு. கீழ அரக்கு, மேல வெங்காயச் சருகு. நான் மொத்தத்தையும் காஞ்ச நிறத்துல சொல்லிட்டேன் ணா. பழக்கம். பொய் இல்ல."

அவன் கை மேலும் கீழுமாகப் போய் வந்தது. ஈரத்தில் கொஞ்ச நேரம், உலர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரித்தான்.

"ஏரிய காய வெச்சி வித்துடுவ போல இருக்குதே!" என்றான்.

பிறகு என்னை முதலிலிருந்து சொல்லச் சொன்னான். இந்தத் தடவை ஈரத்தோடு சொன்னேன். தண்ணீர் தொடும் இடத்தில் காப்பிக்கொட்டை, அதற்கு மேல் அழுத்தமான அரக்கு, நடுவில் ஒரு அடுக்கு மட்டும் மஞ்சள் பாய்ந்து ஜரிகைக் கோடு போல. தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். உள்ளே போகப் போக நிறம் எதுவும் தெரியாத இடம் வந்தது. அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அங்க எனக்கும் அப்பவே தெரியல" என்றான் அண்ணன். அவன் கடைசியாகப் பார்த்த இடத்தில் அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கேப்டன் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வந்தது. படகு சாயாமல் போனது. அண்ணன் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் நிறம் சொன்னதே அதற்காகத்தான் என்று ஆகிவிடும் போல இருந்தது. குகையில் என்னை நம்பினான், அது தெரியும். ஆனால் ஒரு கல்லின் நிறத்தை வைத்துக்கொண்டு வாழ்க்கையை மூட்டை கட்டச் சொல்ல முடியுமா?

துறைமுகத்துக் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது அவனாகவே பேசினான்.

"பாப்பா, என்னைப் பாத்தா தெரியுதா? குருடன்னு?"

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அவன் காதுபட உச்சரித்ததில்லை. இல்லவே இல்லை ணா என்ற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கேப்டன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"தெரியுது" என்றேன்.

"எப்பிடி?"

"என்கூட பேசறப்போ என் மூஞ்சிய பாக்கறதில்ல நீ. ஒரு சாண் தள்ளி பாக்கற. பின்னாடி வேற யாரோ நிக்கற மாதிரி."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிறகு, "எந்தப் பக்கம் தள்ளி?" என்று கேட்டான்.

"என் இடது காதுப் பக்கம்."

முகத்தைக் கொஞ்சம் திருப்பினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். தாண்டிட்ட. திரும்பு. கொஞ்சம் கீழ."

"இப்ப?"

"இப்ப சரி."

அண்ணன் என்னை நேராகப் பார்த்தான். அந்தக் கண்ணில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் அசையவில்லை, கழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை. வாயை ஸ்வெட்டர் கையால் பொத்திக்கொண்டேன்.

"அழுவறியா?" என்றான்.

"ஆமா ணா."

"சரி, அழு" என்றான். "அழுது முடிச்சிட்டு எனக்கும் டிக்கெட்டு போடு."